நாடுகளின் முன்பருவக் கல்வியை ஒப்பிடுவது எப்படி?

"பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம், நம் பிள்ளைகள் மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. போகிறார்கள்." ஆசிரியர் பயிற்சிக்கு வரும் என் மாணவிகள் பலரும் ஒப்பீட்டுக் கட்டுரையை இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த ஏழு வயதுவரை பின்லாந்துக் குழந்தை எங்கே இருக்கிறது என்று உடனே கேட்பேன். வீட்டில் சும்மா இல்லை. பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை அதற்கு உண்டு; ஆறு வயதில் ஓராண்டு முன்பள்ளி 2015 முதல் கட்டாயம்.

அதனால் சேர்க்கை வயதை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குழந்தையைப் பிறப்பிலிருந்து ஆறு வயதுவரை ஆண்டுவாரியாகப் பின்தொடருங்கள். அந்தந்த வயதில் குழந்தை யாரிடம் இருக்கிறது, செலவு யாருடையது, எந்தத் துறை பொறுப்பு என்று ஓர் அட்டவணையில் எழுதுங்கள்.

முதல் ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். சுவீடனில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை முன்பள்ளியில் தேடினால் ஏறக்குறைய யாருமே இருக்கமாட்டார்கள். அங்கே பெற்றோருக்குச் சேர்த்து 480 நாள் ஊதிய விடுப்பு. குழந்தை வீட்டில் அவர்களோடு இருக்கிறது. விடுப்புச் சட்டத்தைப் பார்க்காதவர் இதை அரசின் அலட்சியம் என்று எழுதிவிடுவார்.

சட்டம் வந்த ஆண்டோடு, அதற்கு முன்பிருந்த நிலையையும் எழுதுங்கள். பிரான்ஸ் 2019-இல் கட்டாயக் கல்வி வயதை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்தது. பெரிய புரட்சிபோலத் தெரியும். ஆனால் மூன்று வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே மழலையர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

'இலவசம்' என்று கண்டால் எந்த வயதுக்கு என்று கேளுங்கள். ஜப்பானில் 2019 அக்டோபர் முதல் மூன்றிலிருந்து ஐந்து வயதினருக்கு இலவசம். அதற்குக் கீழே வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும்.

இந்தியாவுக்கு வரும்போது துறைதான் முக்கியம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் வரும் அங்கன்வாடி, மத்தியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. கல்வித்துறை அறிக்கையை மட்டும் புரட்டினால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

கடைசியாக, குழந்தைகளோடு அறையில் இருக்கும் ஆசிரியரை அல்லது பணியாளரைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பிரான்சில் மழலையர் பள்ளி ஆசிரியருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் ஒரே தகுதி. பின்லாந்தின் முழுநாள் காப்பகத்தில் மூன்று வயதைத் தாண்டிய ஏழு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். நம் அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், பதிவேடு எழுதுகிறார், பாட்டும் சொல்லித்தருகிறார். பின்லாந்துப் பாடத்திட்டத்தை இங்கே பரிந்துரைக்கும் முன் அவருடைய ஒரு நாள் வேலையை மணிவாரியாக எழுதி உங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.