கீழ்முதுகு அடிபட்ட பிறகு மறுபடி வில்லைத் தொடுவது எப்படி

எனக்கு இரண்டாவது முறை முதுகு பிடித்துக்கொண்டது வில்லை இழுக்கும்போது இல்லை. ஓய்வெல்லாம் எடுத்து, வலி போய், திரும்பி வந்த முதல் வாரத்தில் முப்பது அம்புகளை ஒரு தொந்தரவும் இல்லாமல் எய்துவிட்டு, இலக்குப் பலகையின் அடியில் ஆழமாகத் தைத்திருந்த ஒரே ஒரு அம்பைக் குனிந்த வாக்கிலேயே ஒற்றைக் கையால் திருகி இழுத்தேன். சுரீர் என்றது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலும் ஆறு வாரம் போனது. அதனால் இங்கே வில்லைப் பற்றிப் பேசும் அளவுக்குக் குனிவதையும் தூக்குவதையும் பற்றிப் பேசப்போகிறேன்.

1. முதலில் மருத்துவர், பிறகு வில்

தசைப்பிடிப்பா, டிஸ்க் பிதுங்கலா, எலும்பில் விரிசலா என்று தெரியாமல் இதைத் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றும் ஆறும் காலம் வேறு, தவிர்க்க வேண்டிய அசைவும் வேறு. டிஸ்க் பிரச்சினை உள்ள பலருக்குக் குனிந்தால் வலிக்கும், முதுகின் பின்பக்க மூட்டுகளில் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலிக்கும். பிசியோதெரபிஸ்டிடம் "வில்வித்தை" என்று மட்டும் சொன்னால் போதாது, பலருக்கு அந்த அசைவு தெரியாது. ஒரு ரப்பர் பட்டையை வைத்து அவர் முன்னால் இழுத்துக் காட்டுங்கள், எத்தனை முறை இழுப்பீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், எத்தனை தடவை குனிவீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதமே கூடாது. தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை மீறுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, காலில் பலம் குறைந்து பாதம் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

2. வில் இல்லாமல் ஒரு சோதனை

அரை மணி நேரம் நடக்க முடிகிறதா? இருபது நிமிடம் நின்றபடி இருக்க முடிகிறதா? இடுப்பு மூட்டில் மடங்கி, முதுகை நேராக வைத்து, தரையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்க முடிகிறதா? மறுநாள் காலையிலும் முதுகு அமைதியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் இதிலேயே இருங்கள், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பயிற்சி என்று பார்த்தால் மூன்று போதும், அதையும் உங்கள் பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகு. கை கால் ஊன்றி நாலுகாலில் நின்று எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது, முழங்காலை மடித்துவைத்து ஒருபக்கமாக முழங்கையில் தாங்கி நிற்பது, மல்லாந்து படுத்து வயிற்றை இறுக்கியபடி கையையும் காலையும் மாற்றி மாற்றி இறக்குவது. மூன்றிலும் இடுப்பு அசையக் கூடாது. வில்லை இழுக்கும்போது உடலின் ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் இழுக்கிறது, நடுவில் கீழ்முதுகு அசையாமல் நிற்க வேண்டும். இந்தப் பயிற்சிகள் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான்.

3. வில்லின் பவுண்டைக் குறையுங்கள், கணிசமாகவே

பவுண்டு என்பது வில்லை முழுவதும் இழுக்கத் தேவைப்படும் பலத்தின் அளவு. அதைக் குறைக்கத்தான் பலருக்கு மனசு வராது. முன்பு 36 பவுண்டு இழுத்தவர் 34-க்கு இறங்கிவிட்டு "குறைத்துவிட்டேன்" என்பார். அது குறைப்பே இல்லை. 20 அல்லது 22-க்கு வாருங்கள். தாங்க முடியாத வில்லை இழுக்கும்போது உடம்பு ஏமாற்றும், மேல்முதுகு செய்ய வேண்டிய வேலையைச் செய்ய இடுப்பு முன்னால் தள்ளி, கீழ்முதுகு பின்னால் வளையும். வெளியே பார்ப்பவருக்கே தெரியும், இழுப்பவருக்குத் தெரியாது.

லிம்பில், அதாவது வில்லின் வளையும் கையில், எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு அதைவிட ஒவ்வோர் அங்குலம் கூடும்போதும் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும், குறைந்தால் அதே அளவு குறையும். நீண்ட கை உள்ளவர் "22 பவுண்டு" என்று நம்பி 26-ஐ இழுத்துக்கொண்டிருக்கலாம். முடிந்தால் தராசு வைத்து அளந்துவிடுங்கள். பழைய அம்புகள் இந்த லேசான வில்லுக்கு விறைப்பாக இருக்கும், வலதுகைக்காரருக்கு இடதுபக்கம் விலகும். ஐந்து மீட்டரில் அது பொருட்டே இல்லை.

ஸ்டெபிலைசரையும் (வில் ஆடாமலிருக்க முன்னால் நீட்டிப் பொருத்தும் கம்பி) அதன் நுனி எடைகளையும் கழற்றிவிடுங்கள். முன்னால் தொங்கும் பாரத்துக்கு ஈடுகட்டத்தான் நாம் பின்னால் சாய்கிறோம். காம்பவுண்ட், அதாவது நுனிகளில் கப்பி வைத்த வில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முழு இழுப்பில் பாரம் விட்டுக்கொடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் வில்லின் சொந்த எடை அதிகம், இழுக்கும் வழியில் உச்ச பாரத்தையும் தாண்டியாக வேண்டும். ஆகவே அதுவும் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள்.

நாண் ஏற்றுவதற்குக் காலுக்கு இடையில் வில்லை வளைக்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம், இடுப்பை முறுக்காமல் அதைச் செய்ய முடியாது. நாண் ஏற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள், முதல் சில வாரங்களுக்கு அதையும் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

4. நிற்கும் விதம்

ரப்பர் பட்டையோடு கண்ணாடி முன் நில்லுங்கள். வில்லோடு நின்றால் வெறும் நாணை விட்டுவிடும் ஆசை வரும், அம்பில்லாமல் நாணை விட்டால் வில் உடையலாம்.

பாதங்கள் தோள் அகலம், இரண்டும் ஒரே கோட்டில், இலக்குக்குப் பக்கவாட்டில். அடிபடுவதற்கு முன் நீங்கள் முன்காலைக் கோட்டிலிருந்து சற்றுப் பின்னுக்கு இழுத்து, இலக்கைப் பார்த்துத் திறந்துவைத்து நின்றவராக இருக்கலாம், பல நல்ல வீரர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் அப்படி நின்றால் கால் ஒரு திசையும் தோள் ஒரு திசையுமாக இடுப்பு முறுகும். இப்போதைக்கு அந்த முறுக்கு வேண்டாம். எடை இரண்டு காலிலும் சமமாக, முழங்கால் பூட்டாமல். இனி மூச்சை முழுவதும் வெளியே விட்டுப் பாருங்கள், விலா எலும்புகள் கீழே இறங்கும், வயிறு தானாகவே லேசாக இறுகும். அந்த நிலையை வைத்துக்கொண்டே கையை உயர்த்துங்கள். கையை உயர்த்தும்போது விலா மறுபடி மேலே எழும்பினால் கீழ்முதுகு வளைந்துவிட்டது என்று பொருள்.

இழுப்பது தோள்பட்டை எலும்பிலிருந்து வர வேண்டும். வில்வித்தையில் "முதுகால் இழு" என்று சொல்வது மேல்முதுகைத்தான், அதைத் தவறாகப் புரிந்துகொண்டு இடுப்பை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பத்து முறை இழுத்தால் மறுபக்கமும் பத்து முறை இழுங்கள். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி காட்டாததை அது காட்டும்.

5. ஐந்து மீட்டர், வெறும் பலகை

வட்டம் வரைந்த தாளை ஒட்டாதீர்கள். மதிப்பெண் இருந்தால் கவனம் அங்கே போய்விடும். உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மூன்று மூன்றாக, முதல் நாள் 12 அம்புகள் மட்டும். அடுத்த நாள் ஓய்வு. வாரத்துக்கு மூன்று நாள், மறுநாள் காலை முதுகு எப்படி இருக்கிறது என்று பார்த்து, நன்றாக இருந்தால் அடுத்த முறை மூன்று அம்பு கூடுதல். ஒரு சின்ன நோட்டில் தேதி, அம்பு எண்ணிக்கை, பவுண்டு, மறுநாள் வலி என்று நாலே வரி எழுதி வையுங்கள்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்ணினால், இரண்டு வரை இருந்து 24 மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். மூன்றை எட்டினால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். வலி காலுக்குள் இறங்கினால் எண்ணிக்கையே பார்க்க வேண்டாம், நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இழுக்கும் நடுவில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் விடாதீர்கள், மெதுவாக நாணைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதையும் ஒரு எய்தலாகவே கணக்கில் சேருங்கள், உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிற்பதே சிரமமாக இருந்தால் உயரமான முக்காலியில் உட்கார்ந்தும் எய்யலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடம் அடிபட்ட நோயாளிகளுக்கு விளையாட்டையே சிகிச்சையாக்கினார். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அங்கே சக்கர நாற்காலியில் 16 பேர் வில்வித்தையில் போட்டியிட்டார்கள், பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான். முதுகு அடிபட்டவர்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் அவ்வளவு பழைய உறவு இருக்கிறது. மனம் சோர்ந்த நாட்களில் எனக்கு அது தெம்பாக இருந்தது.

6. அம்பைப் பிடுங்குவது

என்னை வீழ்த்திய இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பலகைக்கு அருகில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி ஊன்றுங்கள், மறு கையால் அம்பைப் பலகையை ஒட்டிய இடத்தில் பிடித்து, தைத்த அதே கோட்டில் நேராக இழுங்கள். ரப்பர் பிடி இருந்தால் பாதி பலத்தில் வரும். வராத அம்பை இரண்டு பேராக எடுங்கள்.

இடுப்புக்குக் கீழே இருக்கும் அம்புக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். அம்பு உங்கள் நெஞ்சுக்கு நேராக வந்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். இன்னும் எளிதான வழி, பலகையையே நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்துவிடுவது. கீழே விழுந்த அம்புக்கும் இதே முழங்கால் முறைதான், ஒரு அம்பு எடை ஒன்றுமில்லை என்று குனிந்துவிடாதீர்கள், ஒரு மாலையில் அப்படி நாற்பது தடவை குனிய வேண்டிவரும்.

இலக்குப் பலகையை நகர்த்தும் வேலைக்கு மூன்று மாதமாவது கையை நீட்டாதீர்கள். சாமான் பையை ஒரே தோளில் தொங்கவிடாமல் இரண்டு தோளிலும் மாட்டுங்கள்.

7. கூட்டும் வரிசை

முதலில் அம்பின் எண்ணிக்கை, அப்புறம் பவுண்டு, கடைசியில் தூரம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். 60 அம்புகளை வலியில்லாமல் எய்யும் நிலை இரண்டு வாரம் நீடித்தால் 2 பவுண்டு கூட்டலாம், கூட்டிய அன்று அம்பை 30-ஆகக் குறைத்துவிடுங்கள். ஸ்டெபிலைசரை மறுபடி மாட்டுவதும் ஒரு பாரம் கூட்டலாகவே கணக்கு.

தூரம் ஏன் கடைசி என்றால், தூரம் கூடக் கூட வில்பிடித்த கை மேலே போகும், குறைந்த பவுண்டில் இன்னும் மேலே போகும், அந்தக் கோணத்தைப் பிடிக்க இடுப்பிலிருந்து பின்னால் சாயத் தோன்றும். 18 மீட்டரில் பல வாரம் தங்கிவிட்டு 30-க்குப் போங்கள். அங்கே முதல் நாள் யாராவது ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அம்பு எங்கே தைத்தது என்று பார்க்காமல் உங்கள் இடுப்பை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.