புனித அலெக்சிஸ் பாட்டைக் கையெழுத்துப் படியிலிருந்து படியெடுப்பது எப்படி

புனிதர் வரலாறுகளைச் செய்யுளாகச் சொல்லும் பழைய பிரெஞ்சுப் பாட்டுகளில், படியெடுக்கப் பழக ஏற்றது 11ஆம் நூற்றாண்டின் அலெக்சிஸ் பாட்டு. பத்திக்கு 5 அடி, 125 பத்தி, மொத்தம் 625 அடி. கணக்கு இவ்வளவு கச்சிதமாக இருப்பதால் எங்கே தவறினோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் 12ஆம் நூற்றாண்டில் உருவாகி, இப்போது ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் இருக்கும் சங்கீதப் புத்தகத்தை (பைபிளின் துதிப்பாடல்கள் அடங்கிய கையெழுத்து நூல்) அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு 57 முதல் 68ஆம் பக்கம் வரை வருகிறது. அதற்கு முன்னுள்ள சிறு உரைநடை முகவுரையை அடிக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் சுற்றில் எதையும் திருத்தாதீர்கள். இந்தப் படியில் பாட்டு உரைநடைபோல வரி நிறைய ஓடுகிறது. அடிக்கு ஒரு வரி கிடையாது. ஆகவே ஏட்டின் வரி முடிவை ஒரு சாய்கோட்டால் குறித்து, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சுருக்கக் குறிகளை விரிக்கும்போது விரித்த எழுத்துகளைச் சாய்வெழுத்தில் காட்டுங்கள்: உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் 'என்' அல்லது 'எம்' மறைந்திருக்கும், 'பி'யின் கால் குறுக்கே வெட்டப்பட்டிருந்தால் 'பெர்' அல்லது 'பர்'. பலரும் இடறுவது நேர்க்கோடுகளில்தான். 'ஐ', 'என்', 'எம்', 'யு' எல்லாம் ஒரே மாதிரிக் குச்சிகள். குச்சிகளை எண்ணுங்கள், பிறகு சொல்லை ஊகியுங்கள். நெடிய 'எஸ்'ஸை 'எஃப்' என்று படிப்பதும் அடிக்கடி நேர்வது.

இரண்டாம் சுற்றில் அடி பிரியுங்கள். ஓர் அடிக்கு 10 அசை (தமிழ் யாப்பின் அசை அல்ல, ஓர் உயிரொலி கொண்ட ஒலிக்கூறு). நான்காவதற்குப் பின் நிறுத்தம். முதல் அடியைப் பாருங்கள்: போன்ஸ்‑ஃபுத்‑லி‑செ(க்லெஸ்) | அல்‑தென்ஸ்‑அன்‑சி‑எ‑னூர். நான்காவது அசைக்குப் பிறகு, நிறுத்தத்துக்குச் சற்று முன் வரும் அழுத்தமற்ற அசை (இங்கே அடைப்புக்குறியில் உள்ளது) கணக்கில் வராது. இதை அறியாதவர் 11 அசை என்று எண்ணி, நல்ல அடியை வெட்டித் திருத்துவார். அடியீற்றில் முழு இயைபைத் தேடாதீர்கள். கடைசி அழுத்த உயிர் ஒத்தால் போதும், மெய் மாறலாம். முதல் பத்தியில் 'அமூர்' என்பதோடு 'ப்ரூத்' இணைவது அப்படித்தான்.

ஒரு பத்தியில் 4 அடிதான் தேறினால், முதலில் உங்கள் படியைச் சந்தேகியுங்கள். ஒரே மாதிரி முடியும் இரண்டு அடிகளுக்கு நடுவே கண் தாவிவிடும். பழைய எழுத்தர்களுக்கும் நேர்ந்தது இதுவே.

பிறகுதான் பாரிஸ் தேசிய நூலகத்தின் 'பிரெஞ்சு 19525' (நூலக அடையாள எண்) போன்ற படிகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டு படிகள் சரியான பாடத்தில் (ஓரிடத்தில் படியில் உள்ள சொல்லில்) ஒத்துப்போவது, அவை ஒரே மூலத்திலிருந்து வந்த உறவுக்குச் சான்றாகாது. தனித்தனியே நேர வாய்ப்பில்லாத பிழையில் ஒத்துப்போனால்தான் உறவு. பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி இந்தப் பாட்டின் 1872ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்படித்தான் படிகளுக்கு வம்சாவளி வரைந்தார். அதோடு நிற்காமல் 11ஆம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டலையும் மீட்டமைத்தார். அந்த இரண்டாவது வேலையைப் பழகுநர் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிரெஞ்சு 12471 படியில் பாட்டு இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. அது பிற்காலத்தில் விரித்துப் பாடியது. அதிலுள்ள கூடுதல் அடிகளை ஹில்டெஸ்ஹைம் படியில் 'விடுபட்டவை' என்று குறிக்காதீர்கள். தனிப் பட்டியலாக வையுங்கள்.