பார்பி ஃபேஷன் டிசைனர்: 1996 சிடியிலிருந்து பொம்மைச் சட்டை வரை

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீடு மாறும்போது, பழைய பெட்டியில் கிடந்த இந்த சிடியை எடுத்து என் மகளுக்கு அனுப்பினாள். 1996-இல் மேட்டல் வெளியிட்ட கேம். முதல் இரண்டு மாதத்திலேயே 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2023-இல் நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இருக்கும் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் இதை வீடியோ கேம் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. திரையில் உடை வடிவமைத்து, பார்பியை ராம்ப்பில் நடக்கவிட்டு, அதே உடையைத் துணியில் பிரின்ட் எடுத்து பொம்மைக்கே மாட்டலாம். அந்தக் கடைசி வேலைதான் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

1. பழைய கணினியை உள்ளே உருவாக்குங்கள்

விண்டோஸ் 11-இல் சிடியைப் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். அந்தக் காலத்து 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும் வேண்டாம், அதில் விண்டோஸ் 95 போட்டால் 16 நிறத்திலேயே நிற்கும், வேகமான பிராசசரில் பூட் ஆகவே அடம்பிடிக்கும். என் ஓட்டு, பழைய கணினியின் பாகங்களையே மென்பொருளில் போலியாக உருவாக்கும் 86பாக்ஸுக்கு. அதற்கு வேண்டிய ரோம் கோப்புகளை (பழைய பாகங்களின் சிப்பில் இருந்த நிரல்கள்) தனியாக இறக்கி வைக்க மறக்காதீர்கள். பென்டியம், எஸ்3 கிராபிக்ஸ், சவுண்ட் பிளாஸ்டர் 16 போதும். அதில் விண்டோஸ் 95 போடுங்கள். திரை 640×480, 256 நிறம்.

2. சிடியை ஐஎஸ்ஓ ஆக்கி மாட்டுங்கள்

சிடி முழுவதையும் ஒரே கோப்பாக (ஐஎஸ்ஓ) மாற்ற இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள் போதும். அந்தக் கோப்பை 86பாக்ஸின் சிடி டிரைவில் மாட்டுங்கள். மற்றபடி வழக்கமான இன்ஸ்டால்தான்.

3. பிரின்டர்

86பாக்ஸ் அமைப்பில் எல்பிடி1 (அந்தக் காலத்து பிரின்டர் இணைப்பு) போர்ட்டுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கங்களை விவரிக்கும் ஒரு கணினி மொழி) பிரின்டரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 95-க்குள்ளும் கலர் போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் ஒன்றைச் சேருங்கள். அதைப் பிடிஎஃப் ஆக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் இருந்தால், கேமில் பிரின்ட் கொடுத்ததும் பிடிஎஃப் வந்து விழும்.

4. அளவு: நான் சறுக்கிய இடம்

முதல் கவுன் அச்சு அசலாக வந்தது. ஆனால் முதுகுப் பக்கம் மூடவில்லை. வெட்டியதில் தப்போ என்று மூன்று முறை வெட்டினேன். தப்பு கத்தரிக்கோலில் இல்லை. அமெரிக்க கேம், அமெரிக்க லெட்டர் தாள்: அகலம் 216 மி.மீ. நம்முடைய ஏ4 210 மி.மீ. பிரின்ட் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' இருந்ததால் எல்லாம் 97 சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டது. பெரியவர்கள் சட்டையில் தெரியாது, 29 செ.மீ. பொம்மையின் இடுப்பில் தெரியும். 'அசல் அளவு, 100%' என்று மாற்றுங்கள். ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் வெட்டுப்பட்டால் கவலைப்படாதீர்கள். முதலில் சாதாரணத் தாளில் எடுத்து, பொம்மை மேல் சுற்றிப் பாருங்கள்.

5. துணி

பெட்டியோடு வந்த, பின்னால் தாள் ஒட்டிய துணி அக்காவிடம் தீர்ந்துபோயிருந்தது. முழு ஏ4 ஸ்டிக்கர் தாளில் மெல்லிய வெள்ளை காட்டனைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, பிசிறு இல்லாமல் ஓரம் வெட்டினேன். இன்க்ஜெட்டில் மட்டும் விடுங்கள். லேசர் பிரின்டர் சூட்டில் பசை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிரின்ட் ஆனதும் அரைமணி காயவைத்து, பிறகு உரித்து வெட்டுங்கள். துவைக்காதீர்கள், சாயம் போய்விடும்.

பின்சேர்க்கை: 100 சதவீதத்தில் எடுத்தும் இடுப்பு ஏறவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். அவரிடம் இருந்தது 2016-இல் வந்த 'கர்வி' பார்பி. இந்த கேமின் அளவுகள் பழைய ஒல்லி பார்பிக்கானவை. பக்கவாட்டில் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைத்துச் சமாளித்தாராம். ஸ்டிக்கர் பசை ஊசியில் ஒட்டுகிறது, அவ்வப்போது துடைக்கவேண்டும் என்கிறார்.