சோர்ந்த உடலுக்கு யோகப் பயிற்சி அமைக்கும் முறை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் யோக சிகிச்சையை நாடி வருகிறவர்களில் பலர், முப்பது நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவுகளில் ஏறி இறங்கிய பெண்கள். முழங்கால் முழுதாக மடங்காது, கை காதளவுக்கு மேல் உயராது, காலையில் அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் உடல் ஓய்ந்துவிடும். இத்தகையவருக்கு வழக்கமான ஆசன வரிசையைச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று யோகம் கற்பிக்கும் நம்மில் பலர் எண்ணுகிறோம். வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்று இவரிடம் எவ்வளவு பலம் மீதியிருக்கிறது, அதில் எவ்வளவைப் பயிற்சிக்குக் கேட்கலாம் என்ற கணக்கிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

முதலில் அவருடைய கிளினிக் கொப்பியை (சிகிச்சை விவரம் எழுதிய குறிப்பேட்டை) வாங்கிப் பார்க்க வேண்டும். சோர்வுக்குப் பின்னால் குருதிச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, இதய நோய், வாதமூட்டழற்சி, மனச்சோர்வு என எதுவும் இருக்கலாம்; இவற்றில் எதையும் ஆசனத்தால் கண்டுபிடிக்க முடியாது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை. அதற்கு முதலில் வேண்டியது வைத்தியரின் சிகிச்சை. சோற்றோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பதையும், இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும் என்பதையும் நாமே எடுத்துச் சொல்லலாம். நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சிரைப்பு, கால் வீக்கம், காரணமில்லாத மெலிவு, ஒரு பக்கக் கைகால் திடீரெனத் தளர்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை ஆரம்பிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

முதல் நாள் எதையும் கற்பிக்காதீர்கள். அவர் கட்டிலிலிருந்து எழுவதையும், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதையும், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எத்தனை படி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அந்தப் படிகள்தாம் அவருடைய உண்மையான உடற்பயிற்சி. நாம் கொடுப்பது அதற்கு மேல் சேரும் சுமை. ஒரு நாளில் எந்த நேரத்தில் உடல் சற்று இலேசாக இருக்கிறது என்று மூன்று நாட்களுக்குக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நுவரெலியா போன்ற உயரமான பக்கங்களில் விடியற்காலைக் குளிரில் மூட்டுகள் இறுகியிருக்கும் என்பதால், இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) வெயில் விழும் பத்து மணியளவே பெரும்பாலும் நல்ல நேரமாக அமையும். விறகடுப்புப் புகை நிற்கும் நேரத்தில் அறைக்குள் மூச்சுப்பயிற்சி செய்யவே கூடாது.

அளவை எப்படி நிர்ணயிப்பது என்பதில்தான் நான் ஆரம்ப காலத்தில் பெரும் பிழை செய்தேன். ஓர் அம்மாவுக்கு அரை மணி நேரம் கற்பித்தேன். அவர் முகம் வாடவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போனபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "டீச்சர் சொல்லும்போது முடியாதுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். மரியாதை கருதித் தாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அன்றிலிருந்து, பயிற்சிக்கு முன்பே ஓர் அடையாளம் பேசிவைக்கிறேன்: இடது கையின் ஒரு விரலை உயர்த்தினால், காரணம் கேட்காமல் அந்த நொடியே நிறுத்திவிடுவேன். முதல் வகுப்பிலேயே இரண்டு முறை அவரை விரல் உயர்த்தச் சொல்லிப் பழக்கவும் செய்கிறேன்.

பூச்சியம் முதல் பத்து வரையான அளவில் முயற்சி மூன்றைத் தாண்டக் கூடாது. தடையில்லாமல் பேச முடிய வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் ஆரம்பத்துக்குப் போதும், அதிலும் பாதி ஓய்வு. ஆயினும் பயிற்சி நேரத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதைவிட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கிறார் என்பதே நம்பத்தக்க அளவுகோல். சில நோய்களில், குறிப்பாக நாட்பட்ட களைப்பு நோயில், மிஞ்சிய உழைப்பின் பாதிப்பு 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனம், 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில், அந்நோயாளர்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று கூறியதற்கு இத்தகைய பாதிப்பும் ஒரு காரணம். எனவே சோர்வு கூடினால் அளவைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரம் நிலைமை சீராக இருந்தால் மட்டும், அதுவும் ஒன்றே ஒன்றை, சேர்த்துக்கொடுங்கள்.

சீமெந்துத் தரையில் விரிப்பைப் போட்டு உட்காரச் சொல்வது வேண்டாம். குளிரும் ஏறும், எழவும் முடியாது. பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், ஒரு பக்கக் கைப்பிடியை ஊன்றினால் சாயும். சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்கால்கள் நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான மரக்கதிரை இருந்தால் அதுவே நல்லது. பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் சாக்கை மடித்துக் காலடியில் வையுங்கள்.

பயிற்சி கட்டிலிலேயே ஆரம்பமாகட்டும். இரு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து, மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, நான்கு அல்லது ஐந்து எண்ணும்வரை விடுவது. மூச்சை அடக்குவது கிடையாது. பிறகு கணுக்காலை ஐந்து முறை மேலும் கீழும் அசைத்து, குதிகாலைப் படுக்கையில் உராய்த்தபடியே ஒரு முழங்காலை மடக்கி நீட்டலாம். முழங்காலை நெஞ்சோடு அணைக்கும் பவனமுக்தாசனத்தை இவருக்கு ஏற்ற வடிவில் கொடுப்பதென்றால், தொடையின் பின்னால் ஒரு துவாயைப் போட்டு, வலியில்லாத தூரம் வரை மட்டும் காலை நெஞ்சுப்பக்கம் இழுக்கச் செய்வதுதான். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி எழுந்து, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரட்டும். படுத்திருந்தபோது எடுத்ததைவிட, நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் குருதியழுத்தம் (இரண்டு எண்களில் பெரியது) 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அன்று நின்று செய்யும் பயிற்சி எதுவும் வேண்டாம், வைத்தியரிடம் தெரிவியுங்கள்.

கதிரையில் அமர்ந்து விரல் நுனிகளைத் தோளில் வைத்து, முழங்கையால் ஒரு சிறு தேங்காய்ச்சிரட்டை அளவு வட்டம் போடுவது தோளுக்குப் போதுமானது. கழுத்தில் மிகுந்த கவனம் தேவை. பல்லாண்டுகள் தலைக்கயிறு இழுத்த கழுத்து அது. முழு வட்டமாகச் சுழற்றவே கூடாது. கண் முதலில் திரும்ப, தலை அதன் பின்னால் மெல்லத் திரும்பினால் போதும். நிற்கும் பயிற்சியாக ஒன்றே ஒன்று: தலையணை போட்டு உயர்த்திய இருக்கையிலிருந்து இரண்டு முறை எழுந்து உட்கார்தல். கழிப்பறைக்குப் போகவும் பேருந்தில் ஏறவும் இதுவே உதவும் என்பதால், வேறு எதைக் குறைத்தாலும் இதைக் கடைசியாகவே குறைப்பேன். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, தலைகீழ் நிலைகள், கையை நெடுநேரம் தலைக்கு மேல் தூக்கி நிற்பது ஆகியவை இவருக்கு உரியவை அல்ல. நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவரானால் வெறும் வயிற்றில் செய்ய விடாதீர்கள். பாதத்தில் புண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சவாசனத்தில் மல்லாந்து படுக்க முடியாதவர், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கலாம். அசைவு நின்றதும் உடல் விரைவில் குளிரும் என்பதால், முதலிலேயே கம்பளியைப் போர்த்திவிட வேண்டும்.

கிளினிக்குக்குப் போய் வரிசையில் நின்று, பேருந்தில் திரும்பிய நாளில் மூச்சுப்பயிற்சி மட்டும் போதும். திருவிழா, கலியாணம் வருகிறதென்றால் அதற்கு முந்தைய இரண்டு நாட்களும் பயிற்சியைக் குறையுங்கள். பேத்தியின் சடங்கில் உட்கார்ந்திருக்கும் பலம், ஆசனத்துக்குச் செலவாகிவிடக் கூடாது. காய்கறியை உட்கார்ந்து நறுக்குவது, வாளியில் பாதித் தண்ணீர் எடுப்பது, படியில் பாதி ஏறியதும் உட்கார்வது ஆகியவற்றையும் பயிற்சியாகவே குறிப்பில் எழுதுங்கள். பகலில் மகள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார் என்பதால், படி திரும்பும் இடத்தில் ஒரு கல்லையோ பலகையையோ உட்காரும் உயரத்துக்கு வைத்துத்தரும்படி வீட்டாரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.