அரிய மீன்கொத்தி என்று அறிவிக்கும் முன்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் என் கைபேசிக்குப் படங்கள் வர ஆரம்பிக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் காரங்காடு, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் புதிதாகப் பறவை பார்க்கக் கிளம்பிய பிள்ளைகள் அனுப்புவார்கள். "அண்ணே, இது நம்ம பக்கத்துப் பறவை இல்லைதானே?" பெரும்பாலும் நம்ம பக்கத்துப் பறவைதான். நான் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. பளிச்சென்ற சட்டை போடாதே, சத்தம் போடாதே என்பதெல்லாம் நாலு நாளில் தானாகப் புரிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

எதிர்வெயிலில் நிறம் பார்ப்பது

காரங்காட்டில் காலையில் படகு கிழக்கே போகும்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அலையாத்தி மரத்தில், தண்ணீருக்கு மேல் நீட்டிய கிளையில் ஒரு மீன்கொத்தி. சிவந்த அலகு, கருத்த தலை, கழுத்துப் பக்கம் வெள்ளை. உடனே "கருந்தலை மீன்கொத்தி!" என்று ஒரு குரல் எழும். அது பறந்து, இறக்கையில் வெள்ளைத் திட்டும் தெரிந்துவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

கண்மாய்க்கரையிலும் கரண்ட் கம்பியிலும் தினமும் பார்க்கிற வெண்மார்பு மீன்கொத்திக்கும் அதே சிவந்த அலகுதான். பறக்கும்போது அதற்கும் இறக்கையில் வெள்ளைத் திட்டு உண்டு. அதன் சாக்லேட் பழுப்புத் தலை எதிர்வெயிலில் கன்னங்கரேலென்றுதான் தெரியும்.

ஒரு தம்பி இப்படித்தான் அவசரப்பட்டு, இடத்தோடு சேர்த்துப் பதிவு போட்டுவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து கார் பிடித்து வந்தார்கள். குறுகலான வாய்க்காலில் படகுக்குப் பின்னால் படகு. நிம்மதியாக இரை தேடிக்கொண்டிருந்த கொக்கு, நாரையெல்லாம் எழுந்து போனதுதான் மிச்சம். வெயில் மேற்கே சாய்ந்ததும் பார்த்தால், அதே கிளையில் பழுப்புத் தலையோடு வெண்மார்பு உட்கார்ந்திருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன். அடுத்த பருவத்தில் ஒரு பெண் அதே பக்கம் ஒரு பறவையைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். பிடரியில் வெள்ளை வளையம், ஊதா கலந்த நீல முதுகு, வெளிர் ஆரஞ்சு வயிறு. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் "அங்கே போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். கருந்தலை மீன்கொத்தி நம் கரைக்கு வரவே வராது என்பதில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பார்க்கிறார்கள். உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் இனம் அது. உண்மையான ஒரு பதிவு கைநழுவிப் போவது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே தலையை விடுங்கள், பிடரியைப் பாருங்கள். கருந்தலையின் வெள்ளைப் பட்டை கழுத்தைச் சுற்றிப் பின்னால் வரை ஓடி, கருந்தொப்பியையும் முதுகையும் பிரிக்கும். வெண்மார்புக்கு வெள்ளையெல்லாம் முன்பக்கம்தான். பின்னால் பழுப்புத் தலை வெள்ளையே இல்லாமல் நீல முதுகோடு சேர்ந்துவிடும். பறவை உங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் வயிற்றைப் பாருங்கள். தலையைப் போலவே அடர் பழுப்பா, வெளிர் ஆரஞ்சா? இரண்டும் தெரியவில்லையென்றால், வெயில் உங்கள் முதுகுக்கு வரும்வரை பெயர் சொல்லாமல் இருங்கள்.

கொண்டை நின்றால் கொண்டை மீன்கொத்தி என்பது

அது இமயமலை ஆறுகளின் பறவை. இங்கே நீங்கள் பார்ப்பது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அதுவும் கொண்டையைச் சிலிர்க்கும்.

அலகு சிவக்கவில்லை, அதனால் வேறு இனம் என்பது

வெண்மார்பின் இளம் பறவையா என்று முதலில் பாருங்கள். அலகு கருத்திருக்கும்.

காற்று ஒதுக்கிய ஆலாவை எழுப்புவது

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, நடுக்கடலில் திரியும் ஆலா என்கிற கடற்பறவைகள் சில சமயம் தனுஷ்கோடி மணலில் வந்து விழும். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக இருந்தால் எல்லாரும் பிரவுன் நாடி (Brown Noddy) என்கிற ஆலா என்கிறார்கள். சூட்டி டெர்ன் (Sooty Tern) என்கிற இன்னொரு ஆலாவின் இளம் பறவையும் கரும்பழுப்புதான். அதன் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்திருக்கும், அடிவயிறு வெளுத்திருக்கும், வால் பிளவுபட்டிருக்கும். நாடிக்கு வால் ஆப்பு வடிவம். வளர்ந்த நாடிக்கு நெற்றியும் உச்சந்தலையும் வெளிறியிருக்கும். இதில் முக்கால்வாசி உட்கார்ந்த நிலையிலேயே தெரியும். வால் தெரியவில்லை என்று கிட்டப்போய்ப் பறக்க வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது களைத்துச் சோர்ந்து கிடக்கிறது. தூரத்திலிருந்தே படமெடுங்கள், நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது

செய்யாதீர்கள்.

படத்தை வெட்டி அனுப்புவது

பறவை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிவிட்டால் வெயில் எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன பறவை, எவ்வளவு பெரிது என்று எதுவும் தெரியாது. முழுப் படத்தை அனுப்புங்கள். முதுகு காட்டித் திரும்பிய மங்கலான படத்தைத்தான் எல்லாரும் முதலில் அழிக்கிறார்கள். பிடரி தெரிவது அதில்தான். அதையும் நேரம், இடத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.