கடிதத்தில் திகதி போட்டுக் கொடுங்கள்

வேலையை விடப்போகிறேன் என்று முதல் தடவை நான் வாயால்தான் சொன்னேன். ஆகஸ்ட் மாதம், இரவு ஏழு மணி தாண்டியிருந்தது. திருகோணமலையில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் கடன் பிரிவில் எனக்கு அது ஆறாவது வருடம். மனேஜர் சேர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இப்ப கிளையில ஆள் இல்லை பிள்ளை, மார்ச் கணக்கு முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அங்கேயே கிடந்தேன்.

அந்த எட்டு மாதத்தில் இரண்டு பேர் விலகினார்கள். அவர்களுடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வசூலும் என் தலையில் விழுந்தது. காலை ஏழரைக்கு வீட்டை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவேன். பத்தரைக்கு வட்ஸ்அப் குழுவில் "இன்றைய வசூல் எவ்வளவு?" என்று கேள்வி வரும். நமது கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று அது சொல்கிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். நான் செய்த மேலதிக நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கிளினிக்கில் பிரஷர் பார்த்த மிஸ் இரண்டாம் முறையும் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் முடிவு எடுத்தேன்.

வாயால் சொன்னதற்குத் திகதி கிடையாது. கடிதம் கொடுத்தால்தான் நாள் எண்ணத் தொடங்கும். அதனால் முதலில் உங்கள் நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அறிவித்தல் காலம், அதாவது விலகுவதை எவ்வளவு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது, அதில் இருக்கும். எனக்கு ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம். குறைவாகக் கொடுத்தால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, பயிற்சிக்காக ஏதாவது பிணைமுறி (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) போட்டிருக்கிறீர்களா, இரண்டையும் பாருங்கள். ஊழியர் கடன் எடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தையும் வாசியுங்கள். வேலையை விட்டால் வட்டி கூடும் என்று என் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது. அந்தக் கடனுக்குப் பிணை நின்றவர் எங்கள் கிளையில் இருந்த அக்கா ஒருவர். மனேஜரிடம் போகும் முன் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதை வேறு யாருடைய வாயாலும் கேட்டிருக்கக் கூடாது.

அடுத்தது ஐந்து வருடக் கணக்கு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. நீங்களாக விலகினாலும் இது உங்கள் உரிமை. 60,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு வருடம் முடித்தவருக்கு 30,000 வீதம் 1,80,000 வரும். எங்களோடு இருந்த தம்பி ஒருவன் கோபத்தில் நாலு வருடம் பத்து மாதத்தில் விலகிப் போனான். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அவன் கையில் ஒரு மோட்டார்சைக்கிள் முற்பணம் இருந்திருக்கும். உடம்பு தாங்காத நிலை என்றால் காசைப் பார்க்க வேண்டாம், விலகுங்கள். ஆனால் கணக்குத் தெரிந்து விலகுங்கள்.

ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் எங்கும் போகாது. சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் மத்திய வங்கியில் உங்கள் பெயரில் கிடக்கும். வேலையை விட்டதற்காக அதை எடுக்க முடியாது. பொதுவாகப் பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்) என்று நிறுவனம் கட்டும் 3 வீதத்தை வேலையை விட்ட பின் எடுக்கலாம், ஆனால் ஒரு தடவை எடுத்தால் அடுத்ததற்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிதிகளின் அங்கத்துவ இலக்கங்களையும் கடைசி சம்பளச் சீட்டையும் வீட்டில் ஒரு ஃபைலில் வையுங்கள். அலுவலகக் கணினியை நம்ப வேண்டாம்.

வீட்டிலும் சொல்ல வேண்டும். அம்மா "கவர்மெண்ட் வேலை கிடைக்கும் மட்டும் பொறு பிள்ளை" என்றார். நான் வாதாடவில்லை. மூன்று மாதச் செலவுக்கான காசைப் புத்தகத்தில் காட்டினேன், பிரஷர் துண்டையும் காட்டினேன். அவ்வளவுதான்.

கடிதம் எழுதுவதற்கு முதல் நாள் பின்னேரம் டச் பே கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். மணலில் இரண்டு மான்கள் யாரோ போட்டுவிட்டுப் போன வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. போனில் மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். முதல் கடிதத்தில் ஆறு வருடத்து மனவருத்தம் முழுக்க இருந்தது. அதை எழுதுங்கள், எழுதினால்தான் மனம் ஆறும், ஆனால் கொடுக்காதீர்கள். கடைசியில் நான் கொடுத்தது இவ்வளவுதான்:

"முகாமையாளருக்கு, கடன் பிரிவு உதவியாளர் பதவியிலிருந்து விலகுவதை இத்தால் அறியத் தருகிறேன். எனது நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத அறிவித்தல் தருகிறேன். எனது இறுதி வேலை நாள் மே 10. பொறுப்புகளை ஒழுங்காக ஒப்படைப்பேன். சேவைச் சான்றிதழையும் பணிக்கொடையையும் உரிய காலத்தில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் அதற்கு மறுமொழி வரும், மறுமொழிக்கு நீங்கள் மறுமொழி சொல்ல வேண்டும். "விலக அனுமதிக்குமாறு" என்றும் எழுத வேண்டாம். பலரும் லீவுக் கடிதம் எழுதிய பழக்கத்தில் அப்படி எழுதுகிறார்கள். நீங்கள் அறிவிக்கிறீர்கள், கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் போட்டுத் தரும்படி கேட்டேன். கையெழுத்துப் போட மறுத்தால் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். மாதம் முடிகிற கடைசி மூன்று நாளில் மட்டும் கொடுக்க வேண்டாம். அந்த நாட்களில் மனேஜருக்கும் மேலே இருந்து நெருக்குவார்கள், பேச்சு கோபத்தில்தான் முடியும். நான் கொடுத்தது ஏப்ரல் 10 காலை, முதல் தேநீருக்கு முன்.

சேர் இந்த முறை சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் என்னுடைய பிரச்சினை ஆள் இல்லாதது, சம்பளம் கூடினாலும் ஆள் வரப்போவதில்லை. இதற்கு ஒரு வசனத்தை முதலே பாடமாக்கி வையுங்கள்: "யோசித்துத்தான் எழுதினேன் சேர், திகதியை மாற்ற மாட்டேன்." எத்தனை தடவை கேட்டாலும் அதையே மெதுவாகச் சொல்லுங்கள். எனக்கு நாலு தடவை தேவைப்பட்டது. நாலாம் தடவை கண் கலங்கிவிட்டது, பரவாயில்லை, வசனம் மாறவில்லை.

கடைசி மாதத்தில் வழமையான நேரத்துக்கு வந்து வழமையான நேரத்துக்குப் போங்கள். எந்த வாடிக்கையாளர் எந்தக் கிழமை கட்டுவார், யாருக்குப் போன் எடுக்கக் கூடாது, யாருக்கு வீட்டில் சுகமில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மூதூர் ஆச்சி ஒருவர் செவ்வாயில்தான் கட்டுவார், அவரைத் திங்களில் கேட்டால் அவமானப்படுவார். இதெல்லாம் கணினியில் இல்லை. சாவி, அடையாள அட்டை, பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பிறகு ஒரு பற்றுச்சீட்டுக் குறைகிறது என்று சொன்னால் அந்தத் தாள்தான் காப்பாற்றும்.

பணிக்கொடை 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்ட கடிதப் பிரதி, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை இவற்றோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். எனக்கு 26ஆம் நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. அப்போது காலை பத்து மணி, நான் வீட்டுக் குசினியில் அம்மாவோடு இருந்து பிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.