நாட்டு மாட்டினங்களின் இரத்த உயிர்வேதியியலை ஒப்பிடுவது எப்படி?

காங்கேயம் மாடு கொறங்காட்டில் (வேலியிட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப்புல் மேய்கிறது. பர்கூர் மலைக்காட்டில் மேய்ந்து பட்டியில் அடைகிறது. உம்பளச்சேரிக்கு டெல்டா வைக்கோல். அந்தந்த ஊரிலேயே இரத்தம் எடுத்து யூரியாவும் பாஸ்பரஸும் வேறுபடுகின்றன என்றால், அது தீவனத்தின் கணக்கா, இனத்தின் கணக்கா என்று பிரிக்க வழியில்லை. கூடுமானவரை எல்லா இனங்களையும் ஒரே பண்ணையில், ஒரே தீவனத்தில் 4 முதல் 6 வாரம் வைத்த பிறகு எடுங்கள். முடியாதென்றால் ஒரே பருவத்தில் எடுத்து, இடமும் தீவனமும் கலந்த வேறுபாடு என்றே எழுதுங்கள்.

வயது, ஆண்-பெண், சினை, கறவை நிலை எல்லா இனத்திலும் ஒத்திருக்க வேண்டும். கன்றுகளுக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இயல்பிலேயே கூடுதல். ஏரோ வண்டியோ இழுத்த காளைக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் தசையிலிருந்து கசியும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்), ஏஎஸ்டி என்ற நொதிகள் இரத்தத்தில் ஏறியிருக்கும். ஒரே பொலிகாளையின் கன்றுகளாகப் பிடித்துவிட்டால் அது இனத்தின் மாதிரி ஆகாது, குடும்பத்தின் மாதிரிதான்.

நெறிமுறைக் குழு அனுமதி பெற்று, கால்நடை மருத்துவர் கழுத்துச் சிரையில் 18 கேஜ் ஊசியால், காலையில் தீவனத்துக்கு முன் எடுக்கட்டும். ஆள் பழக்கமில்லாத பர்கூர் மாடு டிராவிஸில் (மாட்டை நிறுத்திப் பிடிக்கும் சட்டம்) திமிறினால் குளுக்கோஸ் உயரும், சிகேவும் கூடும். இன வேறுபாடு போலவே தோன்றி ஏமாற்றுவது இதுதான். பிடித்ததிலிருந்து இரத்தம் வரும்வரை ஆன நிமிடங்களை ஒவ்வொரு மாட்டுக்கும் குறித்து வையுங்கள்.

முதலில் சீரத்துக்கு (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சிவப்பு மூடிக் குழாய், பிறகு குளுக்கோஸுக்கு ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் உள்ள சாம்பல் மூடி. வரிசை மாறினால் ஆக்சலேட் கலந்து கால்சியம் குறையும், பொட்டாசியம் ஏறும். ஊதா மூடி ஈடிடிஏ குழாய் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. சிரிஞ்சில் எடுத்திருந்தால், குழாயில் விடுமுன் ஊசியைக் கழற்றுங்கள். ஊசி வழியே வேகமாகத் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும்.

சிவப்புக் குழாயை நிழலில் 30 முதல் 60 நிமிடம் நிமிர்த்தி வைத்து உறையவிடுங்கள். உறையும் முன் ஐஸில் வைக்காதீர்கள். மையவிலக்கியில் 3000 ஆர்பிஎம்மில் 10 முதல் 15 நிமிடம் சுழற்றி, சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஒதுக்குங்கள்: ஏஎஸ்டி, பாஸ்பரஸ் பொய்யாக உயரும். மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம். பச்சைப்புல் மேய்ந்த மாட்டில் அது பெரும்பாலும் கரோட்டின், காமாலை அல்ல.

ஆய்வகத்தில் எல்லா இனங்களின் குழாய்களையும் வரிசை கலைத்து அடுக்கி, ஒரே தொகுதி ரீஏஜென்ட்டில் (சோதனை வேதிப்பொருள்) ஓட்டுங்கள். ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்துக்கு புரோமோகிரிசால் கிரீன் சாயக் கிட் வாங்குங்கள். புரோமோகிரிசால் பர்பிள் சாயம் மாட்டு ஆல்புமினோடு சரியாக ஒட்டாது. ஆல்புமின் தாழ்ந்தால் மொத்தக் கால்சியமும் தாழும், எனவே இரண்டையும் சேர்த்தே படியுங்கள். மாட்டின் கல்லீரலுக்கு ஏஎல்டி என்ற நொதி நம்பகமான அளவுகோல் அல்ல, ஜிஜிடி என்ற நொதியைப் பாருங்கள். சிகே, ஏஎஸ்டி மதிப்புகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும், லாக் (மடக்கை) எடுத்த பிறகே ஒப்பிடுங்கள். ஓர் இனத்துக்கு 20 மாடு என்பது சராசரியை ஒப்பிடவே போதும். இயல்பு வரம்பு நிர்ணயிக்கக் குறைந்தது 40, முறையாகச் செய்ய 120 வேண்டும்.